கதவுக்கு எண்ணெய் விட்டவள்

என் வயசுக்காரிகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். நான் ‘வாரேன்’ என்றால் அவள் ‘வருகிறேன்’ என்று எழுதுகிறாள். கேட்டால், “அச்சுல வாரதுக்குச் சட்டை போட்டு விடுதேன் அத்தை” என்கிறாள். போடட்டும். என்னையும் ஒருத்தி அத்தை என்று கூப்பிடுகிறாள் பாருங்கள், அதில் எனக்கு ஒரு பெருமை. எனக்கும் ஒரு அத்தை இருந்தாள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் புத்தகம். எழுத்து தெரியாத என்னிடம் ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. செங்கல் கனம். மேலட்டை போய்விட்டது. முதல் பக்கத்தில் ஒரு கோட்டைக் கதவுப் படம், கதவு முழுக்க இரும்பு முள். இந்தப் புத்தகத்தை ஊறுகாய் ஜாடிக்குப் பாரமாக வைத்திருக்கிறேன். வடகம் காயும்போது சேலை பறக்காமல் இருக்க மூலையில் வைத்திருக்கிறேன். கால் பட்டால் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வேன். பழைய பேப்பர்காரன் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதைத் தூக்குவார். நான் பிடுங்கி உள்ளே வைப்பேன். “படிக்கவா போற?” என்பார். “நீரு மட்டும் படிச்சுக் கிழிச்சீராக்கும்” என்பேன். அப்படியே அவர் காலமும் போயிற்று, புத்தகம் இருக்கிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கக் கைத்தறி. பக்கத்துத் தெருவில் மட்டும் மின்சாரத் தறி வந்து, நாள் முழுக்கத் தடதடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம். நெசவு தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தறியில் குறுக்கே ஓடுகிற நூலை முதலில் சின்னக் குச்சியில் சுற்றி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் தார். வலது கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இடது கையால் நூலைப் பிடித்து விட வேண்டும். பொம்பளைகள் வேலை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஐந்து ராட்டை. அப்பா தறியில் இருப்பார், அம்மை தறிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்கட்டுக்கு ராணி எங்கள் பெரியம்மை, அப்பாவின் அண்ணன் பெண்டாட்டி. அவளோடு மூக்குப்பொடி போடுகிற ஆச்சி ஒருத்தி, தெருவில் இருந்து வரும் இரண்டு பேர், கடைசி ராட்டையில் நான். என்னைப் பள்ளிக்கூடத்தில் போடவில்லை. “தாரு சுத்துத கைக்கு எழுத்து எதுக்கு?” என்று அப்பா சொன்னார். அதை அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. மழை இல்லாத நாளில் குடை எதற்கு என்று கேட்கிற மாதிரி, இதைக் கேட்டார். அவ்வளவுதான்.

நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடையும், ஆச்சியின் பொடி வாடையும் சேர்ந்த ஒரு வாடை அந்தப் பின்கட்டுக்கு உண்டு. இன்றைக்கும் சோற்றுக் கஞ்சியை வடித்து வைத்து மறந்துவிட்டால், மறுநாள் அந்த வாடை வருகிறது. மருமகள் மூக்கைப் பொத்துவாள். நான் குனிந்து ஒரு தரம் மோந்துவிட்டுத்தான் கொட்டுவேன்.

அத்தை, அப்பாவின் தங்கை, சிவகிரியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பங்குனி வெயிலில் திரும்பி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சேலை, இந்தப் புத்தகம். வலது கையில் பழந்துணி சுற்றியிருந்தது. துணியை அவிழ்த்தபோது நான் பார்த்தேன்: மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டினாற்போல் சுருங்கிக் கிடந்தன. கொதிக்கிற எண்ணெய் பட்டுவிட்டது என்றாள். எப்படிப் பட்டது என்று யாரும் கேட்கவில்லை. அம்மை மட்டும் அடுப்படியில் போய் நின்று மூக்கைச் சிந்தினாள்.

அப்பா இரண்டு நாள் தறியை விட்டு எழவே இல்லை. மூன்றாம் நாள் தறிக்குழியில் இருந்தபடியே சொன்னார்.

“நீ எனக்குப் பாரமில்லம்மா. ஆனா கட்டிக்கொடுத்த பிள்ளை சும்மா இருந்தா தெரு பேசும். ராட்டையில ஒக்காரு. ஒன் கூடை நெறைஞ்சா நானும் நாலு பேத்துகிட்ட, வேலைக்காக இருக்கான்னு சொல்லிக்கிடுவேன். தவசு வரைக்கும் பாக்கேன்.”

தவசு என்றால் ஆடித்தபசு, ஆடி மாசத்துக் கோவில் திருவிழா. எங்கள் ஊரில் எல்லாத் தவணையும் தவசு வரைக்கும்தான்.

பரணில் கிடந்த ஒரு பழைய ராட்டையை இறக்கி, அத்தை அதில் உட்கார்ந்தாள். அந்தக் கையால் ராட்டையின் பிடியைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் சுற்றி வலது கையால் நூலை விட்டுப் பார்த்தாள். ஒட்டிய விரலுக்கு நடுவில் நூல் போய் அறுந்தது. நாள் முழுக்கச் சுற்றி மூன்று தார். அதுவும் நாய் வாலாக இருந்தது. பெரியம்மைதான் ஒரு வழி சொன்னாள்.

“ஏட்டி, நீ எட்டாங் கிளாஸ் படிச்சவதான? ஒரு கதைப் புஸ்தகம் கொண்டாந்திருக்கல்லா? அதை வாசி. நாங்க கேட்டுக்கிட்டே சுத்துதோம். ஆளுக்குக் கொஞ்சம் தாரு ஒன் கூடையில போடுதோம். ஒன் அண்ணன் கூடையத்தான பாக்கப் போறான், கையையா பாக்கப் போறான்?”

அந்தத் தாருக்கு ஆச்சி பெயர் வைத்தாள்: வாசிப்புத் தார். மத்தியானம் கஞ்சி குடித்து முடித்ததும், “வாசிப்புத் தாரு போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பொடி மட்டையைத் திறப்பாள்.

புத்தகம் அத்தை கல்யாணத்துக்கு முந்தின வருசம் தபசுக் கடையில் வாங்கியது. சரித்திரக் கதை. எழுதினவர் அவளுக்கு உசிர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவருடைய இரண்டு கதையைப் படித்திருக்கிறாள். இந்த மூன்றாவதை வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்து, சீரோடு சீராகச் சிவகிரிக்குக் கொண்டுபோனாள். அங்கே பெட்டியை விட்டு வெளியே எடுக்க விடவில்லையாம்.

“மொதல்லயே சொல்லிருதேன் மதினி,” என்றாள் பெரியம்மையிடம். “இவரு கதை மெதுவாத்தான் ஆரம்பிக்கும். வாசல்லயே நிறுத்தி வைப்பாரு. நூறு பக்கம் பொறுத்துக்கிடுங்க. உள்ள விட்டாருன்னு வைங்க, பொறவு சோறு தண்ணி மறந்துபோகும்.”

“நூறு பக்கம்னா எம்புட்டு நாளு?” என்றாள் ஆச்சி.

“ஒரு பதினஞ்சு நாளு.”

“பதினஞ்சு நாளா? எனக்கு வயசு என்னாச்சு தெரியுமாட்டி?”

எல்லாரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள்.

கதை இதுதான். ஒரு ராஜாவின் தூதன். அவன் கையில் ஒரு ஓலை. ஒரு கோட்டை வாசலுக்கு வருகிறான். கதவு சாத்தியிருக்கிறது. அவ்வளவுதான். அதற்கப்புறம் கதவு. கதவின் உயரம், கதவின் அகலம், கதவில் எத்தனை முள், அந்த மரம் எந்த மலையிலிருந்து வந்தது, அதை வெட்டினது யார், அகழியில் எத்தனை முதலை, மதிலைக் கட்டின ராஜாவின் தாத்தா யாரோடு சண்டை போட்டார்… தூதன் நிற்கிறான். நாங்கள் சுற்றுகிறோம். அத்தை இடது கையால் பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறாள்.

நான்காவது நாள் ஆச்சி கேட்டாள்: “கதவத் தொறந்தாச்சா?”

“இன்னும் இல்ல ஆச்சி.”

“உள்ள ஆளிருக்கா இல்லையான்னு தட்டியாவது பாக்கச் சொல்லுட்டி அந்தப் பயல.”

அது தெருவில் ஒரு பேச்சாகவே போய்விட்டது. தண்ணிக் குழாயில் பார்த்தால், “என்னக்கா, கதவத் தொறந்தாச்சா?” அப்பாவிடம்கூட நூல் கொண்டுவந்த ஆள், “ஒங்க வீட்ல கோட்டைக் கதவு எப்ப அண்ணாச்சி தொறக்கும்?” என்று கேட்டாராம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் பெரியம்மை ராட்டையை நிறுத்தினாள்.

“சவத்த, இது கதையா கொத்தனாரு கணக்கா? எனக்குச் செங்கலு விவரம் எதுக்கு? தூதன் அங்கனயே நிக்கட்டும், நான் என் தாரைச் சுத்துதேன்.”

“இன்னும் கொஞ்சந்தான் மதினி. அவரு அப்படித்தான், கெட்டியா அஸ்திவாரம் போட்டுட்டுத்தான்…”

“அஸ்திவாரம் போட்டே நம்ம ஆயுசு முடிஞ்சிரும் போலிருக்கே!”

அன்றைக்கு வாசிப்புத் தாரில் பெரியம்மை பங்கு இல்லை. மறுநாள் தெருக்காரிகள் இரண்டு பேர் பங்கும் இல்லை. ஆச்சி போட்டாள், நான் போட்டேன். சாயங்காலம் அப்பா வந்து அத்தை கூடையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஒரு ஆள் கூடையைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

அதற்கு மறுநாள் கதவு பேசியது.

பெரிய கதவு இல்லை. பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்குமே, ஒரு ஆள் குனிந்து போகிற மாதிரி, திட்டிவாசல் என்பார்கள், அது. அதன் சாவித் துவாரத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்ததாக அத்தை வாசித்தாள். அந்தக் கோட்டைக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் விடுவதற்கென்றே ஒருத்தி இருக்கிறாள். கதவு கிறீச்சிட்டால் ராஜா தூக்கம் கெடும். அதனால் தினமும் அந்திப் பொழுதில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள். ஒருநாள் கொதிக்கிற எண்ணெய் பட்டு அவள் கை வெந்துபோயிருக்கிறது. வெந்த கையைப் பார்க்க அருவருப்பு வந்து கோட்டையில் ஒருத்தரும் அவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருத்தரும் பார்க்காததால்தான் திட்டிவாசல் சாவி அவள் இடுப்பில் இருப்பதும் யாருக்கும் தெரியவில்லை.

ராட்டைச் சத்தம் குறைந்தது.

“ஏட்டி,” என்றாள் பெரியம்மை, “ஒன் கை மாதிரில்லா இருக்கு!”

“எழுதுனவருக்கு என் கையப் பத்தி யாரு போய்ச் சொன்னா மதினி?” என்றாள் அத்தை. முகத்தைப் புத்தகத்தை விட்டு எடுக்கவில்லை.

அடுத்த எட்டு நாள் எங்கள் பின்கட்டு பின்கட்டாகவா இருந்தது! எதிர்வீட்டில் இருந்து இரண்டு பேர் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்கள். சும்மா உட்காராமல் பெரியம்மை அவர்கள் கையிலும் நூலைக் கொடுத்தாள். வாசிப்புத் தார் கூடை தளும்பியது. அப்பா பார்த்துவிட்டு, “ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு அத்தை அன்றைக்கு இரண்டு தோசை கூடத் தின்றாள்.

அந்தி வேளையில் தூதன் கதவுக்கு வெளியே காது வைத்து நிற்பான். எண்ணெய்க்காரி உள்ளே நிற்பாள். அத்தை குரலை இறக்கிக்கொண்டு சொல்வாள்: “உள்ள என்ன இருக்குன்னு அவன் கேக்கான். வெளிய என்ன இருக்குன்னு அவ கேக்கா.” அவனுக்குக் கோட்டை உள்ளே வர வேண்டும், ஓலையைக் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கோட்டையை விட்டு வெளியே போக வேண்டும். திட்டிவாசலில் ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான் நுழைய முடியும். யார் முதலில்? ஆச்சி ராட்டையை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பாவி மக, அவன உள்ள விட்டா அவன் சொல்லிக் குடுத்துருவாம்லா! நீ மொத போட்டி வெளிய!” என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

இதில் நான் ஒன்றைக் கவனித்தேன். நான் அத்தைக்குப் பக்கத்து ராட்டை. படித்த இடம் தெரிவதற்காக அவள் ஒரு சிவப்பு ஊடை நூலைப் புத்தகத்துக்குள் வைத்திருப்பாள். அந்த நூல் எட்டு நாளாக ஒரே இடத்தில் இருந்தது. அத்தை பக்கத்தைத் திருப்பவே இல்லை. கண்ணும் எழுத்தின் மேல் ஓடவில்லை, ஓரிடத்தில் நின்றது. எனக்கு எப்படிப் பெருமையாக இருந்தது என்கிறீர்கள்! மற்றவர்கள் ஒரு பக்கத்தில் ஒரு பக்கக் கதைதான் எடுப்பார்கள், எங்கள் அத்தை ஒரே பக்கத்தில் எட்டு நாள் கதை எடுக்கிறாள். படித்தவள் என்றால் இவளல்லவா படித்தவள்! எழுத்து என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை வேறு எப்படி நினைக்கும்?

எதிர்வீட்டுக்கு அந்தச் சித்திரையில்தான் ஒரு மருமகள் வந்திருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். தெருவில் எல்லாரும் அவளை எஸ்.எஸ்.எல்.சி. அக்கா என்றுதான் சொல்வோம். நல்லவள்தான், ஆனால் உறை ஊற்றத் தயிர் கேட்டு வந்தால்கூட அவள் பாஸ் பண்ணின கதை வந்துவிடும். அன்றைக்கும் கையில் கிண்ணத்தோடு வந்தாள். அத்தை கை கழுவப் புறவாசலுக்குப் போயிருந்த நேரம்.

“நான் ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் படிச்சிருவேன்,” என்றாள். “ஒங்க அத்தை எம்புட்டுப் படிப்பாவ?”

எனக்கு ரோசம் வந்துவிட்டது.

“நாப்பது பக்கம் என்ன பெரிசு? எங்க அத்தை ஒரே பக்கத்துல எட்டு நாளு வாசிப்பா! திருப்பவே மாட்டா! வேணும்னா பாருங்க, இந்தா நூலு அங்கனயேதான் கெடக்கு!”

எஸ்.எஸ்.எல்.சி. அக்கா சிரித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நூல் கிடந்த இடத்தில் விரித்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பார்களே, அந்தக் குரலில் வாசித்தாள். மதிலின் வடக்குப் பக்கம். மதிலில் எத்தனை கல். கல்லின் நிறம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முன்னால், பின்னால் எல்லாம் புரட்டினாள்.

“எண்ணெய்க்காரி எங்க இருக்கா? இதுல அப்படி யாருமே இல்லையே பெரியம்மை. தூதன் இன்னும் வெளியதான் நிக்கான்.”

ஐந்து ராட்டையும் நின்றது. பக்கத்துத் தெரு மின்சாரத் தறி மட்டும் தடதடவென்று கேட்டது. அத்தை ஈரக் கையோடு வாசல்படியில் வந்து நின்றாள். எஸ்.எஸ்.எல்.சி. அக்கா கையில் புத்தகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் பெருமையாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, நீயா கட்டுனியா இம்புட்டையும்?” பெரியம்மை கேட்டாள்.

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“எட்டு நாளா எங்களக் கோட்டிக்காரியளாக்கி வச்சிருக்கியே! வாசிப்புத் தாருன்னுதான போட்டோம்? பொய்க்கா தாரு?”

“கதவு தொறக்கும் மதினி. நெசமாத் தொறக்கும். அதுவரைக்கும் நீங்க எந்திரிச்சுப் போயிராம இருக்கணுமேன்னுதான்…”

எனக்கு ஆச்சி மேல் நம்பிக்கை இருந்தது. எட்டு நாளும் அழுதவள் அவள்தானே, அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவளுக்குத்தான் கோபம் அதிகம். பொடி மட்டையை விட்டெறிந்தாள்.

“நான் அழுத அழுகை யாருக்குட்டி? இல்லாத ஒருத்திக்கா? என் மகன் செத்ததுக்குப் பொறவு நான் அழல, தெரியுமா? ஒன் பொய்க்கு அழ வச்சிட்டியே மூதி!”

அது ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இன்றைக்கு நினைக்கிறேன், இல்லாதவளுக்கு அழுத அழுகை ஒன்றும் வீணில்லை ஆச்சி என்று யாராவது சொல்லியிருக்கலாம். பின்கட்டில் அதைச் சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள், அவள் வாயைக் கட்டிப்போட்டாயிற்று.

மறுநாள் அத்தை புத்தகத்தில் இருப்பதையே வாசித்தாள். விரலை வரிக்கு வரி வைத்து, நான் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வாசித்தாள். கல், மதில், கல். ராட்டைகள் வேண்டுமென்றே வேகமாகச் சுற்றின. அதற்கடுத்த நாளும் வாசித்தாள். அன்றைக்குக் கூடையில் நான் போட்ட தார் மட்டும் கிடந்தது. குட்டிப் பிள்ளை சுற்றின தார், பாதி உருவிக்கொண்டு. மூன்றாம் நாள் சிவப்பு நூலை வைத்துப் புத்தகத்தை மூடினாள். திறக்கவில்லை.

தபசு வந்தது. அம்மன் மண்டபத்தில் நின்றாள், சாமி வந்து காட்சி கொடுத்தார். சுற்றுப்பட்டிச் சம்சாரிகள், வெள்ளாமைக்காரர்கள், காணிக்கையாகப் பருத்தியும் வத்தலும் எறிந்தார்கள். ஒரு மிளகாய் வத்தல் என் கண் பக்கத்தில் பட்டு ஒருநாள் முழுக்க எரிந்தது. சிவகிரியில் இருந்து அத்தை வீட்டுக்காரரும் மாமியாரும் வந்தார்கள். அவர் மிக்சர் பொட்டலமும் அல்வாவும் வாங்கி வந்தார். அப்பாவை ‘மச்சான்’ என்று வாய் நிறையக் கூப்பிட்டார். தறிக்குழியில் எட்டிப் பார்த்து, “என்ன அழகான சேலை” என்றார். சாப்பிட்ட இலையை அவரே எடுத்துப் போட்டார். பெரியம்மை அடுக்களையில் வந்து சொன்னாள்:

“தங்கமான மனுசனால்லா இருக்காரு. இவதான் எதாவது கதை கட்டியிருப்பா.”

கேட்டீர்களா? ஒரு தடவை கதை கட்டினவள் என்று பெயர் வந்துவிட்டால், வெந்த கையும் கட்டுக்கதையாகிவிடுகிறது. இந்த ஒரு வார்த்தை எனக்கு ஐம்பது வருசமாகக் காதில் நிற்கிறது. அந்த வார்த்தைக்கு வழி செய்து கொடுத்தது என் வாய்தான்.

கூடை நிறையாத அத்தையை அப்பா அவர்களோடு அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். கண்டக்டர் ராயகிரி, சிவகிரி என்று கூவிக்கொண்டிருந்தார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையில் துணிப்பை. அதிலிருந்து புத்தகத்தை எடுத்து ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள்.

“இந்தா மக்கா, நீயே வச்சுக்கோ. ஒனக்குத்தான் ஒரே பக்கத்துல எட்டு நாளு கதை வரும்லா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அது கேலியா, கோபமா, பாசமா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. மூன்றும்தானோ என்னமோ. எனக்கோ வேறொரு கவலை. பஸ் உறுமுகிறது, இனி கேட்க முடியாது.

“அத்தை, எண்ணெய்க்காரி வெளிய போனாளா, உள்ளயே இருந்தாளா?”

அவள் பக்கத்தில் இருந்த மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள்.

“புஸ்தகத்துல இருக்கு மக்கா,” என்றாள். “படிச்சுத் தெரிஞ்சுக்கோ.”

அப்புறம் அத்தையை நான் இரண்டு தடவைதான் பார்த்தேன், இரண்டும் கல்யாண வீட்டில். பந்தியில் கரண்டியை இடது கையில் பிடித்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். இடது கையால் போடுகிறாளே என்று ஒரு ஆள் வைதான். நான் பக்கத்தில் போய் நின்றேன். “நல்லாருக்கியா மக்கா?” என்று மட்டும் கேட்டாள். நான் மூத்தவனைப் பெற்றுப் படுத்திருந்தபோது அவள் போய்விட்டதாகச் சேதி வந்தது. பச்சை உடம்புக்காரி போகக்கூடாது என்றார்கள். போகவில்லை.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒழித்தபோது புத்தகம் மருமகள் கையில் கிடைத்தது. அவள் கூப்பாடு போட்டாள்: “அத்தை! இவரு எழுதுன கதையா! எங்க அம்மா இவருன்னா உசிர விடுவா!” வாசித்துக் காட்டு என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் கீரை ஆய, அவள் வாசித்தாள். கதவு, முள், முதலை, தாத்தா ராஜா. எனக்குப் பாதி மனப்பாடம், அவளுக்குக் கொட்டாவி. “விட்டுருவோமா அத்தை? நகரவே மாட்டேங்குது.” நூறு பக்கம் பொறு என்றேன்.

எண்பத்து நான்காம் பக்கத்தில் அந்தச் சிவப்பு நூல் இருந்தது. வெளுத்து ரோஸ் நிறமாகிப் போயிருந்தது. அதற்கப்புறம் இருந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மருமகள் கத்தி முனையால் பிரித்துப் பிரித்துப் படித்தாள். ஒருத்தர் கையும் படாத பக்கங்கள்.

தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் கதவு திறந்தது.

ஏழு பக்கம். இன்னும் ஒரே ஒரு நாள் வாசிப்பு. அதற்கப்புறம் என்ன கதை, என்ன கதை! ஓலையில் விஷம், ராஜா வேசத்தில் வேறொருத்தன், சுரங்கத்தில் சண்டை. மருமகள் உலையை மறந்தாள், சோறு அடிப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை போதாமல் ஆபீசுக்கு லீவு போட்டாள். அத்தை சொன்னது அத்தனையும் சரி. அவளுக்கு உசிரான எழுத்தாளர் அவளைக் கைவிடவில்லை. ஏழு பக்கத்துக்கு முன்னால் எங்களுக்காக அவள்தான் அவரைக் கைவிட்டாள். தன் ஆசைக் கதை எப்படி இருந்தது என்று கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

போன வாரம் முடிந்தது. நான் கடைசிப் பக்கம் வரை காத்துக்கொண்டே இருந்தேன். ராணி வந்தாள், தோழி வந்தாள், நடனக்காரி வந்தாள். எண்ணெய்க்காரி வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் “புஸ்தகத்துல இருக்கு” என்று சொன்னாளே.

“ஏம்மா, அந்தக் கதவு தொறக்குத எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசி,” என்றேன். மருமகள் தேடி எடுத்தாள். ஒரு வரிதான் இருந்தது. இருபது ஆள் தள்ளினாலும் அசையாத அந்தப் பெருங்கதவு அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்துகொண்டது என்று போட்டிருக்கிறது.

சத்தமில்லாமல்! எனக்கு வந்த சந்தோசத்தில் கீரையை மடியோடு கொட்டிவிட்டேன். அப்படியென்றால் கீலுக்கு யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள் இல்லையா? மருமகளைத் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் வாசிக்கச் சொன்னேன். தூதன் உள்ளே போகிறான். கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொள்கிறது. எண்ணெய் விட்டவள் அப்போது எந்தப் பக்கம் நின்றாள் என்று மட்டும் அதில் போடவில்லை.